கூம்பின் முன் நால்வர்: கிறிஸ்து பிறப்புப் பாடல்களின் தொடக்ககால ஒலிப்பதிவுகள்

கிறிஸ்து பிறப்புப் பாடல்களில் பல, சபையார் எல்லாரும் எழுந்து நின்று ஒருமித்துப் பாடுவதற்கென்றே எழுதப்பட்டவை. ஆயினும் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் அவற்றைக் கையிலெடுத்த தொடக்க ஆண்டுகளில் அவற்றைப் பாடியவர்கள் சபையாரும் அல்லர், ஆலயத்துப் பாடகர் குழுவினரும் அல்லர்; நியூயார்க்கிலும் நியூ ஜெர்ஸியிலும் இருந்த பதிவுக்கூடங்களில் பாட்டுக்கு இவ்வளவு என்று பணம் பெற்றுக்கொண்டு, இன்று ஒரு வேடிக்கைப் பாட்டும் நாளை ஒரு காதல் பாட்டும் மறுநாள் ஒரு பக்திப் பாட்டும் பாடிவந்த தொழில்முறைப் பாடகர்கள், அதுவும் பெரும்பாலும் நான்கே பேர். ஊரே கூடிப் பாட வேண்டிய பாடல் நான்கு குரல்களுக்குள் அடங்கியதற்கு முதற்காரணம் அக்காலத்துப் பதிவுக் கருவியின் இயல்பு. அந்த இயல்பை அறியாமல் இப்பதிவுகளைக் கேட்போர், ஆலய இசையின் தேய்ந்த நகல் என்று அவற்றை ஒதுக்கிவிடுகின்றனர். கருவி விதித்த எல்லைக்குள் தேர்ந்த பாடகர்கள் உருவாக்கிய தனியொரு பாடற்கலை என்று கேட்கும்போதுதான் அவற்றின் அருமை விளங்கும்.

பாடல்களைப் பற்றி முதலில் சிறிது சொல்ல வேண்டும். இறைவனை நோக்கிச் சபையார் பாடும், சரணம் சரணமாக ஒரே மெட்டில் அமைந்த பாடலை ஆங்கிலத் திருச்சபைகள் ‘ஹிம்’ என்று வழங்கின. தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகள் அத்தகைய பாடல்களைத் தமிழாக்கி ஞானப்பாட்டு என்று அழைத்துப் பாமாலை நூல்களில் தொகுத்துக்கொண்டன. ‘கரோல்’ என்பது அதனினும் பழைய, தெருவிலும் வீட்டு வாசலிலும் பாடப்பட்ட விழாப் பாடல். இவ்விரண்டுக்கும் இடையே இருந்த வேற்றுமை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிதும் மங்கிப்போயிற்று. ஐசக் வாட்ஸ் 1719-இல் வெளியிட்ட ‘ஜாய் டு தி வேர்ல்ட்’, சார்ல்ஸ் வெஸ்லியின் 1739-ஆம் ஆண்டுப் பாடலிலிருந்து திருத்தம் பெற்று வளர்ந்த ‘ஹார்க் தி ஹெரால்டு’, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜான் பிரான்சிஸ் வேடு என்பவரின் கையெழுத்துப் படிகளில் காணப்படும் லத்தீன் பாடலான ‘அடெஸ்டே ஃபிடெலெஸ்’ ஆகியவை ஞானப்பாட்டு மரபைச் சேர்ந்தவை. இசைத்தட்டு வாங்கியவர்களோ இவற்றையெல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டு என்ற ஒரே பெயரால்தான் அறிந்திருந்தனர்.

‘சைலன்ட் நைட்’ என்று உலகறிந்த ஜெர்மன் பாடலின் வரலாறு இவற்றிலிருந்து சற்று வேறுபட்டது. சிறு குழுக்கள் என்ற பொருளோடு அதற்கு நேரான தொடர்பும் உண்டு. ஜோசப் மோர் என்ற இளம் குருவானவர் 1816-இல் எழுதிய ஆறு சரணங்களுக்கு, ஆசிரியராகவும் ஆலய ஆர்கன் இசைப்பவராகவும் இருந்த ஃபிரான்ஸ் சேவர் குரூபர் மெட்டமைக்க, 1818 டிசம்பர் 24 அன்று ஸால்ஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள ஓபர்ன்டார்ஃப் ஆலயத்தில் இரண்டு ஆண் குரல்களும் ஒரு கிதாரும் கொண்டு அது பாடப்பட்டது. அதை ஊர் கடத்தியவர்கள் டிரோல் மலைநாட்டின் ஜில்லர்டால் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பாடகர் குடும்பங்கள். கையுறை வணிகத்துக்காகச் சந்தைகளுக்குச் சென்ற ஸ்டிராசர் உடன்பிறப்புகள் 1830-களின் தொடக்கத்தில் லைப்சிக் நகரில் அதைப் பாடினர். ரைனர் குடும்பக் குழு 1839-இல் நியூயார்க்கில் டிரினிட்டி ஆலயத்தின் அருகே பாடியது. அதே டிரினிட்டி ஆலயத்தில் பணியாற்றிய ஜான் ஃபிரீமன் யங் 1859-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பே இன்று ஆங்கிலத்தில் பெரிதும் வழங்குவது. அவர் மூன்று சரணங்களை மட்டுமே எடுத்துக்கொண்டார். ஆகவே, பதிவுக்கூடத்துக்குள் நுழைவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இப்பாடல் நெருங்கிய ஒத்திசையில் பாடும் சிறு குழுவின் உடைமையாக இருந்தது. மூன்று நிமிடத்துக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கியும் இருந்தது. பின்னாளில் நால்வர் குழுக்கள் அதைப் பாடியபோது பாடலின் இயல்புக்கு மாறாக எதுவும் நிகழவில்லை. ‘ஜாய் டு தி வேர்ல்ட்’ போன்ற சபைப் பாடல்களின் நிலை அப்படிப்பட்டதன்று.

இனிக் கருவியைப் பார்க்கலாம். தாமஸ் எடிசன் 1877-இல் உருவாக்கிய போனோகிராஃப், ஒலியை உருளையின் மேற்பரப்பில் கோடாகப் பதித்தது. எமில் பெர்லினர் பத்தாண்டு கழித்து உரிமம் பெற்ற கிராமபோன், அதே வேலையைத் தட்டையான வட்டில் செய்தது. இரண்டிலும் 1925 வரை வழக்கமான பதிவுகளில் மின்சாரத்துக்கோ மைக்குக்கோ ஒலியைப் பிடிக்கும் வேலையில் பங்கில்லை. பாடகர் ஓர் அகன்ற உலோகக் கூம்பினுள் பாடுவார். கூம்பின் குறுகிய முனையில் இருந்த மெல்லிய தகடு அதிரும். தகட்டோடு இணைந்த ஊசி, இளகுவதற்காகச் சூடேற்றப்பட்ட மெழுகில் அந்த அதிர்வைக் கீறும். ஊசியைத் தள்ளும் ஆற்றல் முழுவதும் பாடகரின் மூச்சிலிருந்தே வர வேண்டும் என்பதால், கூம்புக்குச் சில அடி தொலைவில் நிற்பவரின் குரல்கூட மெழுகில் தடம் பதிக்காமல் போய்விடும். பாடிய மெழுகை உடனே ஓடவிட்டுக் கேட்டால் அதன் கோடுகள் கெட்டுவிடும். எனவே பிழை நேர்ந்தால் புதிய மெழுகில் முதலிலிருந்து பாடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த முறையில் பிடிபட்ட ஒலியின் அளவு மிகக் குறுகியது. ஒரு நொடியில் ஏறத்தாழ 250 முதல் 2,500 வரை அதிரும் ஒலிகளே, அதாவது 250 ஹெர்ட்ஸுக்கும் 2,500 ஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்டவையே, ஓரளவு செம்மையாகப் பதிந்தன. ஆண் குரல்கள் இதில் ஏன் நன்றாக அமைந்தன என்பதை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். எந்தக் குரலும் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என்று அடுக்கடுக்காக மேற்சுரங்களையும் எழுப்புகிறது; குரலின் நிறமும் உயிரெழுத்துகளின் வேறுபாடும் இந்த மேற்சுரங்களில்தான் இருக்கின்றன. டெனர் எனப்படும் மேல்நிலை ஆண் குரல் 220 ஹெர்ட்ஸில் பாடினால், அடிப்படைச் சுரம் விடுபட்டாலும் இரண்டாவதிலிருந்து பதினொன்றாவது வரை பத்து மேற்சுரங்கள் கூம்பின் எல்லைக்குள் வந்துவிடும். சோப்ரானோ எனப்படும் மேல்நிலைப் பெண் குரல் 880 ஹெர்ட்ஸுக்கு ஏறும்போது அடிப்படைச் சுரமும் ஒரேயொரு மேற்சுரமும்தான் எல்லைக்குள் நிற்கும். பாஸ் எனப்படும் கீழ்நிலை ஆண் குரலின் அடித்தளச் சுரம் பதிவாவதில்லை என்றாலும், மேற்சுரங்களின் ஒழுங்கிலிருந்து கேட்பவரின் செவியே விடுபட்ட சுரத்தை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. இதனால்தான் நூற்றாண்டுக்கு முற்பட்ட ஆண் நால்வர் பதிவுகளில் சொற்கள் தெளிவாகவும் அதே காலத்துச் சோப்ரானோ பதிவுகளில் உச்ச இடங்கள் சீழ்க்கையாகவும் ஒலிக்கின்றன.

ஆலயத்தின் பேரிசைக் கருவியான ஆர்கன் இந்தக் கூம்புக்கு முற்றிலும் ஒவ்வாதது. அதன் குழல்கள் சுவர் முழுவதும் பரந்து கிடப்பவை; அவற்றின் ஒலி கட்டடம் எங்கும் நிறைந்து திரும்பி வந்து கேட்போரைச் சூழ்வது; கூம்போ தன் வாய்க்கு நேரே எழும் ஒலியை மட்டும் ஏற்பது. பிடிலின் ஒலியும் போதாமல் போனதால், அதன் உடலை நீக்கிவிட்டு உலோகக் கூம்பு பொருத்திய ஸ்டிரோ வயலின் என்ற கருவியைப் பதிவுக்கூடங்கள் பயன்படுத்தின. பெருவயலினுக்கு மாற்றாக டியூபா என்ற பெரிய ஊதுகருவி அமர்ந்தது. துணைக்கருவியே இல்லாமல் நிற்கும் ஆற்றல் ஒத்திசை பாடும் நால்வருக்கு இருந்தது. அவர்களுடைய ஒத்திசையே துணைக்கருவியின் வேலையையும் செய்தது. கிறிஸ்துமஸ் பதிவுகளில் மணியோசை அடிக்கடி வருவதற்குப் பண்டிகை ஒரு காரணம் என்றால், மணி கூம்பில் நன்றாகப் பதியும் என்பது இன்னொரு காரணம்.

மற்றொரு தடை படியெடுப்பது. அச்சு வார்த்து உருளைகளைப் பெருக்கும் முறை 1902-ஐ ஒட்டி நிலைபெறும் வரை, ஒரு பாடலை விற்பதற்குப் போதிய உருளைகள் வேண்டுமானால் பாடகர்கள் பல கருவிகளின் முன் நின்று அதே பாடலைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டியிருந்தது. குரல் சோராமல், சுருதி விலகாமல், ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் பாடி முடிக்கும் திறமையே அன்று பதிவுப் பாடகரின் முதல் தகுதி. ஆலயத்தில் வாரம் ஒருமுறை உணர்ச்சியோடு பாடுபவர்களால் இதைச் செய்ய இயலாது என்பதால், சிறிய, நிலையான, தொழில்முறைக் குழுவொன்று உருவாகியே தீர வேண்டியிருந்தது.

அப்படி உருவானவற்றுள் கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பொறுத்தவரை முதன்மையானது ஹெய்டன் குவார்டெட் என்ற நால்வர் குழு. எடிசனின் நிறுவனத்துக்குப் பாடும்போது எடிசன் மேல் குவார்டெட் என்றும், போட்டி நிறுவனங்களுக்குப் பாடும்போது ஆஸ்திரிய இசைமேதையின் பெயரால் ஹெய்டன் குவார்டெட் என்றும் ஒரே பாடகர்கள் வழங்கப்பட்டனர். முதல் டெனராக ஜான் பீலிங், இரண்டாம் டெனராக ஹாரி மக்டொனா, பாரிடோன் எனப்படும் இடைநிலைக் குரலில் எஸ். எச். டட்லி, பாஸாக வில்லியம் ஹூலி என்பது குழுவின் புகழ்பெற்ற அமைப்பு. மக்டொனா கனடாவின் ஹாமில்டன் நகரத்தவர். ஜான் மக்டொனால்டு என்பது அவருடைய இயற்பெயர். டட்லியின் இயற்பெயர் சாமுவேல் ஹாலண்ட் ரூஸ். பிற்காலத்தில் விக்டர் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பட்டியல்களையும், ஆபெரா என்ற இசைநாடக வகையைப் பொதுமக்களுக்கு விளக்கிய அந்நிறுவனத்தின் கையேட்டையும் எழுதித் தொகுத்தவர் அவரே. மக்டொனா அந்நிறுவனத்தின் பதிவுப் பொறுப்பாளராக உயர்ந்தார். பாடியவர்களே பின்னர் எதைப் பதிவு செய்வது, எப்படி விற்பது என்பதை முடிவு செய்யும் இடத்துக்கு வந்தது அக்காலத் தொழிலின் சிறப்பான அம்சம். நால்வர் குழுவின் அழகியல் பட்டியல்களில் நெடுங்காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

எடிசன் மேல் குவார்டெட் 1898-இல் ‘ஸ்லே ரைடு பார்ட்டி’ என்ற உருளையைப் பதிந்தது. பனிச்சறுக்கு வண்டியில் போகும் நண்பர்களின் ஆரவாரத்துக்கு நடுவே ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பாட்டு வரும் சிறு நாடகம் அது. பக்திக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதே குரல்கள் 1905-இல் விக்டர் நிறுவனத்துக்காக ‘சைலன்ட் நைட்’ பாடலைப் பதிந்தன. அமெரிக்கப் பதிவு வரலாறுகளில் இப்பாடலின் முதல் பதிவாகப் பெரும்பாலும் சுட்டப்படுவது இதுவே. ஏழாண்டு இடைவெளியில் ஒரே குழு தொட்ட இவ்விரு துருவங்களும், அன்றைய இசைத்தட்டு வணிகம் கிறிஸ்துமஸ் காலத்தைக் களிப்புக்கும் வழிபாட்டுக்கும் பொதுவான பருவமாகக் கண்டுகொண்டதைக் காட்டுகின்றன.

நால்வர் பாடும் முறையைச் சிறிது நுணுகிப் பார்த்தால், சபைப் பாடல் அங்கே அடைந்த மாற்றம் தெரியவரும். பாமாலை நூலில் அச்சிடப்படும் நான்கு குரல் ஒத்திசையில் மெட்டு எப்போதும் உச்சத்தில், பெண்கள் பாடும் சோப்ரானோவில் இருக்கும்; ஆல்ட்டோ, டெனர், பாஸ் ஆகிய மூன்றும் அதற்குக் கீழே விரிந்து தாங்கும். ஆண்கள் மட்டும் பாடும்போது நான்கு பகுதிகளும் குறுகிய இடத்துக்குள் நெருங்கி அமைய வேண்டியிருக்கிறது. மெட்டை முதல் டெனரிடம் கொடுப்பது ஜெர்மானிய ஆண்குழு மரபு. இரண்டாம் டெனரிடம் கொடுத்து, முதல் டெனரை அதற்கு மேலே மென்மையாக மிதக்கவிடுவது அமெரிக்க நால்வர் மரபு. பின்னதில் மெட்டு ஒத்திசையின் நடுவில் புதைந்திருக்கும்; மேலும் கீழும் குரல்கள் அதை அணைத்துச் செல்லும். சபையின் முன்னே செல்லும் கொடியைப் போல மெட்டு உயர்ந்து நிற்கும் ஆலயப் பாடலுக்கு இது நேர்மாறு; ஆனால் வீட்டு முற்றத்தில் நான்கைந்து பேர் உட்கார்ந்து கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு அரிது. தாலாட்டின் சாயல் கொண்ட ‘சைலன்ட் நைட்’ இந்த முறையில் முழுமையாக மலர்கிறது. வெற்றி முழக்கமாக எழுந்த ‘ஜாய் டு தி வேர்ல்ட்’ இதில் சுருங்கித்தான் போகிறது. அந்தப் பாடலைக் கூம்பு வென்றதாகச் சொல்ல முடியாது.

உச்சரிப்பிலும் கருவி கை வைத்தது. ஸகர ஒலியின் ஆற்றல் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் அது கூம்பில் ஏறத்தாழ முழுவதுமாக மறைந்துபோகும்; ஆங்கிலத்தில் கிறிஸ்து பிறப்பைப் பாடும் சொற்களிலோ அந்த ஒலி மிகுதி. பழைய நால்வர் பதிவுகளில் உயிரெழுத்துகள் மிகையாக நீட்டப்பட்டும் வல்லொலிகள் வெட்டினாற்போலவும் கேட்பது இந்த இழப்பை ஈடுசெய்யும் பயிற்சியின் விளைவு. இன்றைய செவிக்குச் செயற்கையாகப் படும் அந்த உச்சரிப்பின் பின்னால், என்ன பதியும், என்ன பதியாது என்பதை ஆயிரக்கணக்கான முறை பாடி அறிந்த அனுபவம் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலிருந்து விக்டர் நிறுவனம் டிரினிட்டி கொயர் என்ற பெயரிலும் பக்திப் பாடல்களை வெளியிட்டது. 1910-களில் ‘ஜாய் டு தி வேர்ல்ட்’ உள்ளிட்ட கிறிஸ்து பிறப்புப் பாடல்கள் இப்பெயரில் விற்பனைக்கு வந்தன. கேட்போர் ஓர் ஆலயத்தின் பாடகர் குழுவையே மனத்தில் கண்டிருப்பார்கள். உண்மையில் அது விக்டரின் நிலையப் பாடகர்களுக்கு, அதாவது நிறுவனம் நிலையாக அமர்த்தியிருந்த பதிவுக்கூடப் பாடகர்களுக்கு, இடப்பட்ட பெயர்; மக்டொனாவும் ஹூலியும் அதில் பாடியவர்களே, அவர்களோடு தேவைக்கேற்பப் பெண் குரல்களும் சேர்க்கப்பட்டன. ஆலயத்தின் பெயரைச் சூட்டியதை ஏமாற்று என்று எளிதில் தள்ளிவிடலாம். எனினும் ஆணும் பெண்ணும் சேர்ந்த நான்கு குரல் ஒத்திசையை, அதாவது பாமாலை நூலில் உள்ள வடிவத்தையே, கூம்பின் முன் கொண்டுவர எடுத்த முயற்சி என்ற வகையில் இந்தப் பதிவுகள் ஹெய்டன் குழுவின் பதிவுகளைவிட ஆலயத்துக்கு ஒரு படி நெருங்கியவை. ஒருவர் தோளை ஒருவர் உரசி நிற்கும் சில பேரைத்தான் கூம்பு ஏற்கும் என்ற நிலையில், அவர்கள் ஒரு சபையின் தோற்றத்தை எழுப்பியது சிறிய செயலன்று.

இந்த நிலையக் குழுக்களோடு, பதிவுக்கூடத்துக்கு வெளியே தமக்கென வாழ்வும் வரலாறும் கொண்டிருந்த குழுக்களை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். வர்ஜீனியா மாநிலத்தில் கறுப்பின மாணவர்களுக்கான தொழிற்பள்ளி ஒன்றுக்கு நிதி திரட்டிவந்த டின்விடி குவார்டெட் 1902-இல் விக்டர் நிறுவனத்துக்கு ஆறு பாடல்கள் பாடியது. நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் கல்லூரிக்காக 1871-இல் புறப்பட்ட ஜூபிலி பாடகர்களின் வழிவந்த நால்வர், முதல் டெனராகிய ஜான் வெஸ்லி வொர்க் தலைமையில் 1909 டிசம்பரில் அதே நிறுவனத்தின் கூம்பின் முன் நின்றனர். அடிமைத்தனத்தின் காலத்தில் பிறந்த ஆன்மிகப் பாடல்களே இவர்களுடைய செல்வம். கிறிஸ்து பிறப்பை மலைமேலிருந்து அறிவிக்கச் சொல்லும் ‘கோ டெல் இட் ஆன் தி மவுண்டன்’ என்ற பாடலைத் தொகுத்து நிலைநிறுத்தியதில் வொர்க் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இவர்களும் நால்வரே, கருவியும் அதே கருவிதான். ஆனால் ஒருவர் அழைக்க மற்றவர் விடை சொல்லும் அமைப்பில் அவர்கள் பாடும்போது, அங்கு இல்லாத சபையின் வடிவம் பாட்டுக்குள்ளேயே இருந்தது. ஹெய்டன் குழுவின் மெருகை மதிப்பவர்கள்கூட, சபை உணர்வு என்ற ஒன்றில் ஃபிஸ்க் நால்வரே மேலோங்கி நிற்கின்றனர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வணிகத்தில் இக்குழுக்களின் இடம் நடுத்தரமானது. விக்டர் நிறுவனம் ஆபெராப் பாடகர்களின் தட்டுகளுக்குச் சிவப்பு முத்திரையும் நிலையப் பாடகர்களின் தட்டுகளுக்குக் கறுப்பு முத்திரையும் இட்டது. இருபுறமும் பாடல் கொண்ட பத்தங்குலக் கறுப்பு முத்திரைத் தட்டு 1908 முதல் 75 சென்ட். சிவப்பு முத்திரைக்கு விலை கூடுதல். அதே 1908-இல் எர்னஸ்டின் ஷூமன்-ஹைங்க் என்ற புகழ்பெற்ற ஆல்ட்டோ பாடகி ‘சைலன்ட் நைட்’ பாடலை அதன் மூல மொழியில் சிவப்பு முத்திரைக்குப் பாடினார். முதல் உலகப் போரில் எதிரெதிர் அணிகளிலும் பிள்ளைகளை அனுப்பி வைத்த அந்தத் தாயின் குரலில் அப்பாடலை 1926 முதல் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் வானொலியில் கேட்பது அமெரிக்க வழக்கமாகவே ஆயிற்று. அவர் பெயரோடு பாடல் ஒன்றிவிட, அவருக்கு மூன்றாண்டு முன்னரே அதைப் பதிந்த நால்வரை மக்கள் மறந்தனர். ஹெய்டன் குழு 1914-இல் கலைந்தது.

கூம்பின் ஆட்சிக்கு முடிவு ஓர் ஆலயத்தில் தொடங்கியது. 1920 நவம்பர் 11 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பெயரறியாப் போர்வீரர் ஒருவரின் உடல் அடக்கம் செய்யப்பட்டபோது, லயனல் கெஸ்ட், ஹொரேஸ் மெரிமன் என்ற இருவர் மைக்குகளை உள்ளே வைத்துக் கம்பி வழியே வெளியே இருந்த கருவிக்கு ஒலியைக் கொண்டுவந்து இரண்டு ஞானப்பாட்டுகளைப் பதிந்தனர். அவை கிறிஸ்துமஸ் பாடல்கள் அல்ல, ஒலியும் மிகத் தெளிவற்றது. ஆனால் ஒரு சபை, தான் பாடும் இடத்திலேயே, தன் எண்ணிக்கை குறையாமல் பதிவுக்குள் வந்தது. அதன் பிறகு பெல் ஆய்வகத்தில் ஜோசப் மேக்ஸ்ஃபீல்டும் ஹென்றி ஹாரிசனும் உருவாக்கிய மின்பதிவு முறையை வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் விக்டர், கொலம்பியா ஆகிய இசைத்தட்டு நிறுவனங்களுக்கு வழங்க, 1925-இன் முதல் மாதங்களில் தொழில் முழுவதும் மாறத் தொடங்கியது. மைக் பிடித்த மெல்லொலியை வால்வுகள் பெருக்கி, அந்த ஆற்றலால் ஊசியை இயக்கின. பதிவின் எல்லை ஏறத்தாழ 100 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை விரிந்தது.

1925 மார்ச் 31 அன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபெரா அரங்கில் அமெரிக்காவின் ஆண் பாடகர் மன்றங்கள் கூடி நடத்திய நிகழ்ச்சியைக் கொலம்பியா நிறுவனம் புதிய முறையில் பதிந்தது. வெளிவந்த தட்டின் ஒரு பக்கத்தில் மன்றத்தினர் 850 பேர் ஓர் ஆங்கில வேட்டைப் பாட்டைப் பாடினர். மறுபக்கத்தில் அரங்கிலிருந்த மக்களும் சேர்ந்துகொள்ள, 4,850 குரல்கள் என்ற அறிவிப்போடு ‘அடெஸ்டே ஃபிடெலெஸ்’ ஒலித்தது. வசந்த காலத்தில் பதியப்பட்ட கிறிஸ்து பிறப்புப் பாடல் என்பது ஒருபுறமிருக்க, இத்தனை பேர் ஒரே தட்டுக்குள் அடங்க முடியும் என்பதை அதற்கு முந்தைய ஆண்டு எந்தப் பதிவுப் பொறியாளரும் நம்பியிருக்க மாட்டார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கிராமபோன் ஆர்வலர்கள் வியந்தது பாடலைக் கேட்டு மட்டுமன்று. பாடலைச் சூழ்ந்திருந்த அரங்கின் வெளியை முதன்முறையாக அவர்கள் கேட்டனர். கூம்பு ஒருபோதும் தர முடியாத எதிரொலியும் தொலைவும் அந்தத் தட்டில் இருந்தன. சபைப் பாடலுக்குச் சபை திரும்பக் கிடைத்தது.

இத்தகைய பதிவுகளின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. எனினும் நான்காயிரத்துக்கு மேற்பட்டோர் பாடும்போது சொற்கள் கரைந்துவிடுகின்றன. உள்பகுதிக் குரல்களின் நடையைப் பிரித்துக் கேட்பது அரிதாகிறது. பெருந்திரளின் ஒலியே பொருளாகிறது. நால்வர் பதிவில் ஒவ்வொரு குரலும் எங்கே ஏறுகிறது, எங்கே பிறருக்கு வழிவிடுகிறது என்று காது பின்தொடர முடியும். இரண்டும் இரு வேறு அறங்களைச் சேர்ந்தவை. மின்பதிவு வந்ததால் நால்வர் பதிவு குறையுடையதாகிவிடவில்லை.

அதன் பின்னர் வந்த ஆண்டுகளில் இந்த இரு போக்குகளும் தனித்தனி வழியில் சென்றன. கேம்டன் நகரில் விக்டர் நிறுவனம் முன்பே வாங்கியிருந்த டிரினிட்டி பாப்டிஸ்ட் ஆலயக் கட்டடம், தன் உயர்ந்த கூரைக்காகவும் ஆர்கனுக்காகவும் மின்பதிவுக் காலத்தில் விரும்பப்பட்ட பதிவுக்கூடமாயிற்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் 1918-இல் எரிக் மில்னர்-வைட் தொடங்கிய ஒன்பது வாசகங்களும் கரோல்களும் கொண்ட ஆராதனையை 1928 முதல் பிபிசி ஒலிபரப்ப, சிறுவர் குரல் கொண்ட ஆலயக் குழுவின் ஒலியே கிறிஸ்துமஸ் இசையின் இலக்கணம் என்று உலகின் பெரும்பகுதி கொள்ளத் தொடங்கியது. நால்வர் குழுவோ மேடையின் பின்வரிசைக்கு நகர்ந்தது. 1935-இல் பிங் கிராஸ்பி, டெக்கா நிறுவனத்துக்காக ‘சைலன்ட் நைட்’ பாடலையும் ‘அடெஸ்டே ஃபிடெலெஸ்’ பாடலையும் பாடியபோது, பக்திப் பாடலால் பொருளீட்டத் தயங்கி அதன் வருவாயை அறப்பணிக்கு ஒதுக்கினார். அவருக்குப் பின்னால் ஒத்திசை பாடியது கார்ட்ஸ்மென் குவார்டெட் என்ற நால்வர். மைக்கின் அருகே முணுமுணுக்கும் ஒற்றைக் குரலுக்கு மெத்தை விரிப்பது, முப்பதாண்டுக்கு முன் அதே பாடலை முழுவதுமாகத் தாங்கிய நால்வர் வடிவத்தின் புதிய பணியாயிற்று. மெட்டை நடுவில் வைத்து நால்வரும் சமமாகப் பாடும் முறை கிறிஸ்து பிறப்புப் பாடல்களில் பொதுவழக்காக இருந்த காலம் அத்துடன் முடிந்தது. அந்த முறையின் இழப்பு உண்மையான இழப்பு. அதற்குப் பின் வந்த நட்சத்திரப் பதிவுகளில் எதுவும் அதை ஈடுசெய்யவில்லை.

இப்பதிவுகளைக் கேட்பதற்கு இன்று தடையேதும் இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2011-இல் திறந்த நேஷனல் ஜூக்பாக்ஸ் என்ற இணையத் தொகுப்பில் விக்டரின் கூம்புக்காலப் பதிவுகள் பத்தாயிரத்துக்கு மேல் இடம்பெற்றன. உருளைகளைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா நூலகம் எண்ணிமமாக்கி வைத்திருக்கிறது. 2018-இல் இயற்றப்பட்ட அமெரிக்க இசைச் சட்டத்தின்படி 1923-க்கு முற்பட்ட ஒலிப்பதிவுகள் அனைத்தும் 2022 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையாயின. அடுத்தடுத்த ஆண்டுகளின் பதிவுகள் நூறாண்டு நிறையும்தோறும் அவற்றோடு சேர்ந்துவருகின்றன. 1925-ஆம் ஆண்டு வெளியீடுகளுக்கான காப்பு 2025 இறுதி வரைதான். பாமாலைப் பாடல்களைப் பாடிப் பழகியவர்கள், சிறப்பாகக் கீதபவனிக்குச் சிறு குழுக்களாகப் புறப்படும் தமிழ்ப் பாடகர்கள், ஹெய்டன் நால்வரின் பதிவொன்றையும் ஆபெரா அரங்கின் பெருந்திரள் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். முதற்பதிவை ஒருமுறை மெட்டுக்காகவும், மறுமுறை இரண்டாம் டெனருக்கு மேலே செல்லும் குரலுக்காகவும் கேட்க வேண்டும்.